படுக்கைப் புண்: உணர்ச்சி இழந்த உடம்பைக் காப்பது எப்படி?

தண்டுவடத்தில் அடிபட்டு எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய் 14 ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு ஆண்டுகளில், நடக்க முடியாமல் போனதைவிட அதிகமாக என்னை வாட்டியது படுக்கைப் புண். உறவினர் வீட்டுக் காதுகுத்துக்காக வேனில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து போனேன். வீல்சேர் குஷன் வேன் சீட்டில் சரியாக உட்காரவில்லை என்று அதைப் பின்னால் போட்டுவிட்டோம். இரவு உடை மாற்றும்போது அம்மா பார்த்தார். வலது புட்டத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு. "வேர்க்குரு மாதிரி இருக்குப்பா, பவுடர் போட்டா சரியாயிடும்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மறுநாள் வழக்கம்போல வீல்சேரில் ஏறி உட்கார்ந்தேன். பன்னிரண்டாம் நாள் அந்த இடம் குழி விழுந்தது. அது மூட ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் பெரும்பாலும் குப்புறப் படுத்தே கிடந்தேன்.

புதிதாக இந்த நிலைக்கு வந்தவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். அன்று யாராவது எங்களிடம் ஒன்றே ஒன்றைச் சொல்லியிருந்தால் போதும்: "அந்த இடத்திலிருந்து பாரத்தை எடு." களிம்பு, மாத்திரை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே சதையும் தோலும் நசுங்குகின்றன. நசுங்கிய இடத்துக்கு ரத்தம் போகாது. உணர்ச்சி உள்ளவருக்குச் சிறிது நேரத்திலேயே அந்த இடம் கடுக்கும், தூக்கத்தில்கூடத் தானாகப் புரண்டுவிடுவார். நமக்கு அந்த வலி மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை. அதனால் மணிக்கணக்கில் ஒரே இடம் நசுங்கிக்கொண்டே இருக்கும்.

அழுத்தம் மிக அதிகமாக இருப்பது தோலில் இல்லை, எலும்பை ஒட்டிய சதையில். வண்டு துளைத்த மாம்பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே பார்த்தால் ஒரு புள்ளிகூட இருக்காது, அறுத்தால் கொட்டையைச் சுற்றிக் கறுத்துப் போயிருக்கும். படுக்கைப் புண்ணும் பல நேரம் அப்படித்தான். வெளியே தெரியும் ஓட்டை சிறிதாகவும் உள்ளே குடைந்திருப்பது பெரிதாகவும் இருக்கும். தோலில் சிவப்பு தெரியும்போதே உள்ளே வேலை தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அழுத்தத்தோடு இன்னும் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று இழுவை. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தால் உடம்பு மெல்லக் கீழே சரியும். தோல் விரிப்போடு ஒட்டிக்கொள்ள, எலும்பு மட்டும் நகரும். நடுவில் ரத்தக் குழாய்கள் முறுக்கிக்கொள்ளும். இன்னொன்று ஈரம். வியர்வை, சிறுநீர், மலம் பட்டு ஊறிய தோல் சீக்கிரம் கிழியும்.

காலையும் இரவும் தோலைப் பாருங்கள்

எழுந்ததும் ஒரு முறை, படுக்கப் போகும் முன் ஒரு முறை. இது பல் தேய்ப்பது போல ஆகிவிட வேண்டும். படுத்தே இருப்பவருக்குப் பின்தலை, தோள்பட்டை எலும்பு, முழங்கை, இடுப்புக்குக் கீழே வால் எலும்புப் பகுதி, குதிகால். பக்கவாட்டில் படுப்பவருக்குக் காது, தொடையின் வெளிப்பக்கம் துருத்தும் எலும்பு, முழங்கால்களின் உட்புறம், கணுக்கால் முட்டு. வீல்சேரில் இருப்பவருக்குப் புட்டத்தில் உட்காரும் இரண்டு எலும்புகள். ஆண்கள் விதைப்பையின் அடிப்புறத்தையும் பார்க்க வேண்டும்.

கை வேலை செய்கிறவர்கள் கைப்பிடி உள்ள கண்ணாடியால் தாங்களே பார்க்கலாம். இல்லாவிட்டால் செல்போனில் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தினமும் ஒரே வெளிச்சத்தில் எடுத்தால் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள மாற்றம் தெரியும். கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கும் அம்மாவிடம் காட்டக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தால் பார்க்காமல் விட்ட நாட்கள்தான் எனக்குக் கெடுதல் செய்தன.

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே இருந்தால், அல்லது பாரத்தை எடுத்து அரை மணி ஆகியும் சிவப்பு மறையாவிட்டால், அது புண்ணின் முதல் நிலை. நம்மில் பலருக்கு நிறம் கருப்பு, சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. அப்போது கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாக அல்லது சதசதவென்று இருக்கிறதா, நாவல்பழ நிறத்தில் கறுத்திருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் சிவப்பு வந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

படுக்கையில்: இரண்டு மணி நேரக் கணக்கு

நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்துக்குப் போன லுட்விக் குட்மன் என்ற நரம்பியல் மருத்துவர், 1944-இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். அதற்கு முன் தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவில் இறந்துபோனார்கள். அவர் இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளிகளைத் திருப்பிப் போட வைத்தார். இன்று வந்திருக்கும் எந்தப் படுக்கையும் திருப்பிப் போடும் வேலைக்கு மாற்றாகவில்லை.

சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள். 6 மணி இடப்பக்கம், 8 மணி மல்லாக்க, 10 மணி வலப்பக்கம் என்று எழுதி, திருப்பியவர் ஒரு டிக் போடட்டும். ராத்திரிக்கு அலாரம். முதல் மாதங்களில் இது வீட்டாருக்குக் கொடுமையான வேலை. ஒரே ஆளிடம் விடாமல் முன்னிரவுக்கு ஒருவர், பின்னிரவுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நாட்பட, காலையில் தோல் சுத்தமாக இருந்தால் அரை அரை மணியாக இடைவெளியைக் கூட்டிப் பார்க்கலாம். எங்காவது சிவந்தால் பழைய கணக்குக்கே திரும்புங்கள்.

பக்கவாட்டில் படுக்க வைக்கும்போது முழுதாக ஒருக்களிக்க வைத்தால் தொடை எலும்பின் முட்டிலேயே பாரம் முழுவதும் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துப் பாதிச் சாய்வாக, சுமார் 30 டிகிரியில் வையுங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. மல்லாக்கப் படுக்கும்போது கெண்டைக்காலின் நீளத்துக்குத் தலையணை வைத்து, குதிகால் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது குதிகாலைக் காப்பாற்றுவதில்லை, விட்டுவிடுங்கள்.

தலைப்பக்கம் 30 டிகிரிக்கு மேல் உயர வேண்டாம். சாப்பாட்டுக்கு உயர்த்தினால், சாப்பிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் இறக்கிவிடுங்கள். மேலே நகர்த்தும்போது அக்குளில் கைகொடுத்து இழுக்கக் கூடாது. பழைய வேட்டியை நாலாக மடித்து முதுகிலிருந்து தொடைவரை குறுக்காக விரித்து வைத்திருங்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தூக்கி நகர்த்தலாம். எங்கள் வீட்டில் அதிகம் உதவிய சாமான் அந்த வேட்டிதான்.

மருத்துவரும் பிசியோவும் சரி என்றால் குப்புறப் படுக்கப் பழகுங்கள். முதலில் 15, 20 நிமிடம். மார்புக்கும் தொடைக்கும் தாடைக்கும் தலையணை கொடுத்து, முழங்காலும் பாதமும் எதிலும் அழுந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழகிவிட்டால் பின்பக்க எலும்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு.

ஏர் பெட், வாட்டர் பெட் இரண்டும் உதவும். ஆனால் ஏர் பெட்டின் மேல் ரெக்ஸின், ரப்பர் ஷீட், போர்வை என்று மூன்று அடுக்கு போட்டால் அதன் பலன் போய்விடும். ஒரே ஒரு பருத்தி விரிப்பு போதும், சுருக்கம் இல்லாமல். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, இடுப்புக்கு நேர் கீழே பெட்டுக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை. கரண்ட் போனால் காற்று இறங்கும் வகையா என்று வாங்கும்போதே கேளுங்கள். அப்படியானால் மின்வெட்டு நேரத்தில் யாராவது பக்கத்தில் இருந்து திருப்பியாக வேண்டும்.

வீல்சேரில்

உட்காரும்போது உடம்பின் பாரம் இரண்டு சிறிய எலும்புகளின் மேல் இறங்குகிறது. அதனால் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை பாரத்தை மாற்ற வேண்டும். கையை ஊன்றி எழும்பிச் சில நொடிகளில் உட்கார்ந்துவிட்டால் போதாது. ரத்தம் திரும்பி வந்து சேர ஏறக்குறைய 2 நிமிடம் வேண்டும். அவ்வளவு நேரம் கையில் தாங்கினால் தோள்பட்டை கெட்டுவிடும். முன்னால் குனிந்து மார்பைத் தொடைமேல் சாய்ப்பது, அல்லது மேசையில் முழங்கையை ஊன்றிச் சாய்வது நல்லது. இடப்பக்கம் 2 நிமிடம், வலப்பக்கம் 2 நிமிடம் சாய்ந்தாலும் சரி. கையும் வேலை செய்யாதவர்களுக்கு, கூட இருப்பவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு வீல்சேரை அப்படியே பின்னால் சாய்த்து மடியில் தாங்கலாம். பிரேக்கையும் தலையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல குஷனுக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள். வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் வேண்டாம். காற்றறைகள் உள்ள ரோஹோ வகைக் குஷன் நன்றாக வேலை செய்யும், ஆனால் காற்று அளவு சரியாக இருக்க வேண்டும். உட்கார்ந்த பிறகு அடியில் கைவிட்டுப் பார்த்தால் எலும்புக்குக் கீழே அரை அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம்வரை காற்று இருக்க வேண்டும். ஃபோம் குஷன் நாளாக நாளாக அமுங்கிப் பலகை போல ஆகிவிடும். எழுந்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றால் மாற்றுங்கள். நடுவில் ஓட்டை உள்ள வளையக் குஷனை மெடிக்கல் கடையில் நல்லெண்ணத்தோடு எடுத்துக் கொடுப்பார்கள். வாங்க வேண்டாம். அதன் விளிம்பு சுற்றிலும் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

குஷன் வீல்சேருக்கு மட்டும் உரியது என்று நினைத்ததுதான் எங்கள் தவறு. வேன், கார், இணைப்புச் சக்கர ஸ்கூட்டர், கமோட் நாற்காலி, எங்கே உட்கார்ந்தாலும் மெத்தென்ற ஒன்று அடியில் இருக்க வேண்டும். பேன்ட்டின் பின்பாக்கெட்டைப் பிரித்து எடுத்துவிடுங்கள். தடித்த தையலும் உலோகக் குமிழும் உள்ள ஜீன்ஸ் வேண்டாம். மடிப்பு விழுந்த லுங்கிகூட இரண்டு மணி நேரத்தில் கோடு போட்டுவிடும்.

புண்ணுக்குக் காரணம் அழுத்தம் மட்டும் இல்லை. சூடான குழம்புப் பாத்திரத்தை மடியில் வைத்து எடுத்துவருவது, வெந்நீர் ஒத்தடம், வெயிலில் காய்ந்த சிமெண்ட் திண்ணை, எஞ்சின் சூடேறிய வண்டித் தரை, எதுவும் நமக்குத் தெரியாமலே கொப்புளம் போடும். கிராமத்து வீடுகளில் ராத்திரி எலியும் எறும்பும் உணர்ச்சியில்லாத காலைக் கடித்துவிடுவதுண்டு. கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிப் படுங்கள்.

டயப்பர் நனைந்தால் உடனே மாற்றி, கழுவி, ஒற்றித் துடைத்து, காற்றாட விடுங்கள். வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம். பவுடர் வியர்வையோடு கட்டிபடும், வேண்டாம்.

சிவப்பு தெரிந்துவிட்டால்

அந்த நொடியிலிருந்து அந்த இடத்தில் பாரம் கூடாது. புட்டத்தில் என்றால் வீல்சேர் இல்லை, பள்ளியும் வேலையும் கல்யாணமும் இல்லை. படுக்கைதான், அந்தப் பக்கம் படாமல். தோல் பழைய நிறத்துக்கு வரும்வரை இப்படியே. இந்த நிலையில் சில நாட்களில் சரியாகிவிடும். சில நாள் படுக்க மனமில்லாமல் நான் பல மாதம் படுத்தேன்.

சிவந்த இடத்தைத் தேய்க்கவோ பிடித்துவிடவோ கூடாது. உள்ளே ஏற்கெனவே நைந்த சதை இன்னும் கிழியும். கொப்புளம் இருந்தால் உடைக்க வேண்டாம். காரணத்தையும் தேடுங்கள்: குஷன் காற்று இறங்கியதா, புதுச் செருப்பா, திருப்ப மறந்த இரவா? காரணம் அப்படியே இருந்தால் புண் மறுபடி வரும்.

தோல் திறந்துவிட்டால்

மேல்தோல் மட்டும் உரிந்திருப்பது இரண்டாம் நிலை, கொழுப்புவரை குழியானது மூன்றாம் நிலை, தசையோ எலும்போ தெரிவது நான்காம் நிலை. இரண்டாம் நிலையிலேயே மருத்துவரிடம் அல்லது செவிலியரிடம் காட்டி, டிரெஸ்ஸிங்கைக் கற்றுக்கொண்டு வீட்டில் செய்யலாம். அதற்கு மேல் போனால் மருத்துவமனை இல்லாமல் முடியாது.

கழுவ நார்மல் சலைன் போதும். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஏறக்குறைய ஒன்றரை டீஸ்பூன் தூள் உப்பு கரைத்து ஆறவைத்து, அன்றன்றைக்குப் புதிதாகப் பயன்படுத்துங்கள். ஸ்பிரிட், டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவை கிருமியோடு புதிதாக வளரும் சதையையும் கொல்லும். மஞ்சள்தூள், காப்பித்தூள், சாம்பல், பற்பசை எதையும் குழிக்குள் வைக்காதீர்கள்.

புண் காய்ந்து பொருக்கு கட்டினால்தான் ஆறும் என்பது பலருடைய நம்பிக்கை. 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர், மூடி ஈரப்பதத்தோடு வைத்த காயம் சீக்கிரம் ஆறுவதைக் காட்டினார். சலைனில் நனைத்துப் பிழிந்த காஸை (காயத்துக்கு வைக்கும் சல்லடைத் துணி) குழியில் தளர்வாக வையுங்கள், அடைத்துத் திணிக்கக் கூடாது. மேலே உலர்ந்த காஸ். சுற்றியுள்ள நல்ல தோல் ஊறாமல் இருக்கக் கொஞ்சம் வாசலின். எத்தனை காஸ் உள்ளே வைத்தீர்கள் என்று பிளாஸ்டரின் மேல் பேனாவால் எழுதிவிடுங்கள். ஒன்று உள்ளேயே தங்கிவிட்டால் புண் ஆறாது. வாரம் ஒரு நாள் ஸ்கேல் வைத்து நீளம், அகலம், ஆழம் குறித்து, படம் எடுங்கள். பாரம் படாமல் இருந்தும் இரண்டு வாரத்தில் சிறிதும் சுருங்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

புண்ணில் கறுத்த தோல் இருந்தால் மருத்துவர் வெட்டி எடுப்பார், வீட்டில் பிளேடு வைக்காதீர்கள். குதிகாலில் காய்ந்து கெட்டியாக ஒட்டியிருக்கும் கறுப்பைப் பொதுவாக அப்படியே விட்டுக் கவனிப்பார்கள். ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், மண்ணெண்ணெய் ஊற்றவும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

சாப்பாடு

"முட்டை, மீன் சாப்பிட்டா சீழ் பிடிக்கும்" என்று பத்தியம் வைப்பது நம் வீடுகளில் நடக்கிறது. எனக்கும் ஒரு மாதம் ரசஞ்சாதம்தான். புண்ணிலிருந்து வடியும் நீரோடு புரதமும் போகிறது, புதுச் சதை வளரவும் புரதம் வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 1.25 முதல் 1.5 கிராம் என்பது கணக்கு. 60 கிலோ உள்ளவருக்கு 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, ஒரு டம்ளர் பாலில் 6. சைவம் என்றால் சுண்டலையும் பருப்பையும் தயிரையும் மூன்று வேளையும் சேர்த்தால்தான் எட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கூட்டுங்கள். நெல்லிக்காய், கொய்யா சேருங்கள். ஹீமோகுளோபினும் சர்க்கரையும் சோதித்துப் பாருங்கள். பீடி, சிகரெட் ரத்தக் குழாயைச் சுருக்கும். அடிக்கடி சிறுநீர் வரும் என்று பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

காய்ச்சல் அல்லது குளிர்நடுக்கம், நாற்றத்தோடு சீழ், சுற்றிலும் பரவும் சூடும் சிவப்பும், எலும்பு தெரிவது, மனக்குழப்பம். கால்களில் துடிப்பும் இறுக்கமும் திடீரென்று கூடினால் அதுவும் எங்கோ புண் இருப்பதற்கான அறிகுறி. மார்பு மட்டத்திலோ (மார்புப் பகுதியின் ஆறாம் முதுகெலும்பு) அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு, புண்ணோ அடைத்த கத்தீட்டரோ (சிறுநீர் போக வைக்கும் குழாய்) காரணமாக ரத்த அழுத்தம் எகிறலாம். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகத்தில் வியர்வை வரும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, கத்தீட்டர் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, ஆம்புலன்ஸை அழையுங்கள்.

ஆழமான புண்ணுக்குப் பக்கத்துத் தசையைத் திருப்பி மூடும் அறுவைச் சிகிச்சை உண்டு. முதலமைச்சர் காப்பீட்டில் வருமா என்று மருத்துவமனையிலேயே விசாரியுங்கள். தமிழ்நாட்டில் மறுவாழ்வுப் பயிற்சிக்குச் சென்னை கே.கே. நகரில் அரசு மையமும், வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மையமும், தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கமும் இருக்கின்றன. பாகாயம் மையம் 1966-இல் தொடங்கக் காரணமான மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் நடந்த விபத்தில் கால்கள் செயலிழந்து, வீல்சேரில் இருந்தே வேலை செய்தவர். ஆய்க்குடி சங்கத்தை 1981-இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். வெளியே போக முடியாதவர்கள் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வீட்டுக்கு வந்து பிசியோவும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் தரும் திட்டம் அது.

மறுபடி உட்காரும்போது

புண் மூடியதும் அன்றைக்கே பழையபடி உட்காரத் தோன்றும். ஆறிய தழும்பு எத்தனை ஆண்டு ஆனாலும் பழைய தோலின் வலுவில் 80 சதவீதத்துக்கு மேல் வராது, ஆரம்பத்தில் அதைவிட மிகக் குறைவு. அதனால் மருத்துவர் சரி என்ற பிறகு, முதல் நாள் குஷனில் 15 நிமிடம் மட்டும். படுக்கையில் இறங்கித் தழும்பைப் பாருங்கள். அரை மணிக்குள் சிவப்பு மறைந்தால் அடுத்த முறை 30 நிமிடம். மறையாவிட்டால் அன்று உட்கார வேண்டாம், மறுநாள் மறுபடி 15-இல் தொடங்குங்கள். நான் ஒரு மணி நேரத்தை எட்ட மூன்று வாரம் ஆனது. அடுத்த காதுகுத்துக்குப் போனபோது வேன் சீட்டில் முதலில் ஏறியது என் குஷன், அப்புறம்தான் நான். வழியில் மூன்று இடங்களில் வண்டியை நிறுத்தி, அம்மா என்னைப் பின் சீட்டில் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்.